சைவ ஆட்களுக்கு மட்டும்

முதல் போடாமல் வந்ததால்
வட்டி என்று பெயர் வைத்தேன்.
மழை நாளில் லிஃப்டுக்குள் ஓடி வந்து
நாலாம் மாடியில் என்னோடு இறங்கிய பூனை.

வெள்ளவத்தையில், கடலை முட்டும் ஒழுங்கை.
வாடகை ஒப்பந்தத்தின் ஆறாம் பந்தி:
சைவ ஆட்களுக்கு மட்டும்.
கீழே என் கையெழுத்து.
பூனையிடம் யாரும் வாங்கவில்லை.

பத்து மாதம் தயிர்ச்சோறு, பருப்பு,
பாலில் பிசைந்த இடியப்பம்.
நான் தின்றதைத் தின்றது.
பிறகு முதுகு
பழைய தும்புத்தடியாயிற்று.
வாலடியில் பொடுகு,
என் கறுப்புப் பாவாடையெல்லாம் மாவு.
சோற்றில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டேன்.
எண்ணெய்க்கு எண்ணெய் சரி என்று
கணக்கப்பிள்ளை புத்தி.

தெகிவளையில் டொக்டர் ருவினி
மயிரை எதிர்ப்பக்கமாய்த் தடவிப் பார்த்தார்.
"நாய் எண்டா சமாளிக்கும்.
மரக்கறி எண்ணெயில இருந்து
தனக்கு வேண்டியதை ஓரளவு கட்டும்.
பூனையின்ட ஈரலுக்கு அந்த வேலை தெரியாது.
இன்னொரு உடம்பில இருந்துதான் வரவேணும்."
துண்டில் எழுதினார்: அரக்கிடோனிக்.
அடியில், ஒமேகா மூன்று.
"கிழமைக்கு ரெண்டு நாள் மீன், கொஞ்சம் ஈரல்.
கூட வேணாம். கூடினாலும் வருத்தம்."

சில கொழுப்பமிலங்களுக்கு
அத்தியாவசியம் என்று பெயராம்.
முக்கியமானது என்று நினைத்திருந்தேன்.
இல்லை:
உடம்பால் தானாய்ச் செய்துகொள்ள முடியாதது.
அவ்வளவுதான் அர்த்தம்.

பஸ்ஸில் மூன்று தரிப்பு தாண்டியும்
அந்தச் சொல் என் மடியில், கூடைக்குள்,
மியாவ் என்றபடி.

நாற்பத்தொரு வயதில் முதன்முதலாய் மீன் வாங்கினேன்.
எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.
"சின்னதா ஏதாவது" என்றேன்.
"பொரிக்கவா, ஆக்கவா?"
"பூனைக்கு."
மீன்கார பவ்ஸான் சிரிக்கவில்லை.
"சாளை கொண்டு போங்க, இப்ப நல்ல கொழுப்பு."
அவன் விரலிடுக்கில் ஒட்டிய செதில்
சில்லறையோடு என் கைக்கு வந்தது.

அந்த மீனும் தானாய்ச் செய்யவில்லையாம்.
கண்ணுக்குத் தெரியாத கடற்பாசி செய்ததை
எதுவோ தின்ன, அதைச் சாளை தின்ன,
கை மாறிக் கை மாறி வந்த கடன்.
அப்போ முதல் அங்கேதான் கிடக்கிறது,
என் யன்னலுக்குக் கீழே,
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

பல்கனியில் தனி அடுப்பு, தனிச் சட்டி.
அவிய வைத்துவிட்டு
உள்ளே கற்பூரம் கொளுத்துவேன்.

ஆறாம் கிழமை கதவு தட்டுப்பட்டது.
வீட்டுக்காரர் பஞ்சலிங்கம்.
"என்ன பிள்ளை, ஒரு வெடுக்கு?"
"கடல் காத்து, ஐயா."
பொய்க்கு நடுவே வட்டி நடந்து வந்தது,
இஸ்திரி போட்ட பட்டு மாதிரி.
குனிந்து தடவினார்.
அவர் கையெல்லாம் மினுக்கம் வழிந்தது.
"என்ன குடுக்கிறீர் இதுக்கு?"
"எண்ணெய்."
"எனக்கும் எண்ணெய்தான். நெஞ்சுக்கு.
கனடாவில இருந்து மகள் அனுப்புறவள்."
சட்டைப்பையிலிருந்து போத்தல்.
உள்ளே தங்க நிறத்தில் குண்டு குண்டாய்.
"எழுத்துப் பொடி. எத்தனை போடச் சொல்லியிருக்கு, பாரும்."

பொடி எழுத்து வாசிப்பது என் தொழில்.
எத்தனை என்பதற்கு மேல்வரியில்
எதிலிருந்து என்பது இருந்தது.

"காலையில ஒண்டு, இரவில ஒண்டு" என்றேன்.
மூடியை இறுக்கிக் கொடுத்தேன்.
"நல்ல சாமான் ஐயா. விட்டுடாதேங்கோ."

ஆறாம் பந்தியை அவர் மறந்து
படியிறங்கினார்.
வட்டி பின்னாலேயே போனது,
அவர் விரல்களை மணந்து மணந்து,
மூன்றாம் மாடி வரைக்கும்.